மரவீட்டில் ஒரு திதி

நான் ஓய்வு பெற்ற பிறகு கல்யாணத்திலும் காதுகுத்திலும் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "மரத்து மேல கக்கூஸ் எப்படி சார் இருந்துச்சு?" காசி, கயா, பத்ரிநாத் என்று எத்தனையோ ஊருக்கு ஆட்களை அழைத்துப் போய், அத்தனை பேரையும் முழுசாகத் திரும்பக் கொண்டு வந்து சேர்த்தவன் நான். அதைப் பற்றி ஒரு ஆள் கேட்டதில்லை. ஆகவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கென்யாவில் நாங்கள் தங்கிய மரவீட்டில் அது மிக நன்றாக இருந்தது. எங்கள் வீட்டில் இருப்பதைவிட நன்றாக இருந்தது. குழாய் அடிமரத்தை ஒட்டியே இறங்கி மண்ணுக்குள் போய்விடும். போதுமா?

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. எங்கள் சுற்றுலா கம்பெனியில் என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண் போன மாதம் போன் செய்தாள். இப்போதெல்லாம் பதிவு முழுவதும் செல்போனிலேயே நடக்கிறதாம். படிவத்தைச் சுருக்குகிறார்களாம். "மூணாவது கேள்வி எதுக்கு சார்? யாரும் ஒழுங்கா எழுதுறதில்ல. எடுத்துடவா?" என்று கேட்டாள். "எடுக்காதம்மா" என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதையா அது?

2004-ல் எனக்கு ஐம்பது வயது. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் கடலூர்–சிதம்பரம் ரோட்டில் தனியார் பஸ் கண்டக்டர். நின்று நின்று முட்டி தேய்ந்து போயிருந்த நேரத்தில், அடிக்கடி என் பஸ்ஸில் வரும் ஒருவர், "உங்களுக்கு ஆளை எண்ணத் தெரியுது, அதட்டவும் தெரியுது. எங்கிட்ட வந்துடுறீங்களா?" என்று கேட்டார். அவர்தான் எங்கள் முதலாளி. சிதம்பரம் கீழ வீதியில் ஒரு மாடியில் ஆபீஸ். பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. ஒரு விசில், ஒரு மஞ்சள் கொடி, ஒரு கைப்பை கொடுத்துக் கயாவுக்கு அனுப்பிவிட்டார்.

அந்த முதல் பயணத்திலேயே என் எண்ணிக்கை சந்தி சிரித்தது. கயாவில் நாற்பத்திரண்டு தலை எண்ணி வண்டியைக் கிளப்பினேன். இருபது கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, அதில் ஒரு தலை நம்முடையது அல்ல என்று. யாரோ ஒரு பீகார்காரர் தன் பஸ் என்று நினைத்து ஏறித் தூங்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் போனால், எங்கள் குமராட்சிப் பெரியவர் ஒருவர் டீக்கடையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

ஊருக்கு வந்ததும் முதலாளி என்னை உட்காரவைத்து டீ வரவழைத்தார். அவர் கோபப்பட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. தப்பு செய்தவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பார். அவன் குடித்து முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆபீஸில் யாருக்காவது டீ வந்தால் மற்றவர்கள் மெதுவாக மாடிப்படியைப் பார்த்து நகர்ந்துவிடுவோம். நான் குடித்து முடித்ததும், "எண்ணிக்கை சரிதான் தணிகாசலம். ஆளுதான் வேற" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஜோடி முறையைச் சொல்லிக் கொடுத்தார். பயணிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட வேண்டும். வண்டி கிளம்பும்போது நான் தலையை எண்ணக் கூடாது. ஒவ்வொருவரும் "என் ஜோடி இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். ஒற்றையாக ஆள் மிஞ்சினால் அவருக்கு நான் ஜோடி.

அவர் போட்ட இன்னொரு முறைதான் அந்த மூன்று கேள்விகள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எதைச் சாப்பிட மாட்டீர்கள், இந்தச் சமயத்தில் வீட்டில் திதி ஏதும் இருக்கிறதா? பயணம் போகிறவர்களில் பாதிப் பேர் வயசானவர்கள். அவர்களுக்கு யாராவது ஒருவருடைய திதி வருஷத்தில் ஒரு நாள் இருக்கும். அந்த நாளில் வீட்டில் இல்லாவிட்டால் அவர்களுக்கு மனசு ஆறாது. முதலாளி ஒவ்வொரு தாளையும் எடுத்து, பஞ்சாங்கத்தை விரித்து, வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்துத்தான் பயணத் தேதியில் கையெழுத்துப் போடுவார். அரை மணி ஆகும். ஆபீஸில் ஃபேன் ஓடினால் தாள் பறக்கும் என்று அதையும் நிறுத்திவிடுவார். நாங்கள் வியர்த்து விறுவிறுத்து நிற்போம்.

2009-ல் அவருக்கு ஆப்பிரிக்கா ஆசை வந்தது. கென்யாவில் காட்டோரம் ஒரு விடுதி. வீடுகள் எல்லாம் மரத்தின் மேல். பெரிய பெரிய அத்தி மரங்களில் நாற்பது படி ஏறினால் தேக்குப் பலகை போட்ட அறை, கொசுவலை கட்டிய கட்டில், வெளியே பலகைத் தளம். அந்தத் தளத்தில் குளிக்கிற தொட்டி. தொட்டியில் உட்கார்ந்தபடி யானை தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாம். யானையும் நம்மைப் பார்க்கும் என்பதுதான் சங்கடம். கடலூரிலும் சிதம்பரத்திலுமாகப் பதிமூன்று பேர் பணம் கட்டினார்கள். ஆறு ஜோடி. மிஞ்சிய ஒற்றை ஆள் சகுந்தலா டீச்சர். கடலூரில் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், திருவந்திபுரத்தில் வீடு. கணவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. ஆகவே அவருக்கு நான் ஜோடி.

தாள்களைச் சரிபார்க்க வேண்டிய வாரத்தில் முதலாளி கண் ஆபரேஷனுக்குச் சென்னை போயிருந்தார். நான்தான் பார்த்தேன். டீச்சருடைய தாளில் மூன்றாவது கேள்விக்கு, "கணவர், ஆவணி தேய்பிறை சஷ்டி" என்று முத்து முத்தான எழுத்தில் இருந்தது. பஞ்சாங்கத்தை எடுக்கச் சோம்பல். போனைப் போட்டு, "போன வருஷம் எப்போ டீச்சர் குடுத்தீங்க?" என்று கேட்டேன். "ஆகஸ்ட் மூணாவது வாரம்" என்றார். நாங்கள் கிளம்புவதோ செப்டம்பர் முதல் வாரம். சரிதான் என்று டிக் அடித்துவிட்டேன். திதி இங்கிலீஷ் தேதியைப் பார்த்து வருவதில்லை, ஒரு வருஷம் முன்னால் வரும், ஒரு வருஷம் பின்னால் போகும் என்பது எங்கள் வீட்டு ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. டீச்சரோ, கம்பெனியே பார்த்துவிட்டது என்று நம்பி அதற்குப் பிறகு காலண்டரைப் புரட்டவில்லை.

எங்களோடு சமையலுக்குக் கலியமூர்த்தி வந்தான். குமராட்சிக்காரன், என் வயசுதான், என்னை மச்சான் என்பான். எந்த நாட்டுக்குப் போனாலும் தினசரி காலண்டரை அட்டையோடு எடுத்து வந்து அடுப்புக்கு மேலே மாட்டிவிடுவான். ராகு காலத்தில் அடுப்பு பற்றவைக்க மாட்டான். கென்யாவில் ராகு காலம் எத்தனை மணிக்கு என்று விமானத்தில் ஏறியதிலிருந்து எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம். கடைசியில் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்துக்கொண்டான். "ராகு நம்மூரு ஆளு மச்சான். நம்ம டைம்தான் பாப்பாரு" என்றான்.

விடுதி மேலாளர் கிரேஸ் என்ற பெண். நாற்பது வயதிருக்கும், உயரமானவள், சிரித்தால் முகம் முழுவதும் சிரிக்கும். வந்த அன்றே எங்களைக் கூட்டி வைத்து ஒரே ஒரு விஷயத்தைச் சிரிக்காமல் சொன்னாள். அறைக்கு வெளியே ஒரு பருக்கைகூட வைக்கக் கூடாது. அங்கே நாய் உயரத்துக்குக் குரங்குகள் இருக்கின்றன. மனிதர்கள் வைக்கும் உணவு ஒருமுறை ருசித்துவிட்டால் அறைக்குள் வரும், கடிக்கும். அப்படிப் பழகிய குரங்கை வனத்துறை சுட்டுவிடும். போன வருஷம் அப்படி இரண்டைச் சுட்டார்களாம். "நீங்கள் போடுவது பிஸ்கட் இல்லை, துப்பாக்கிக் குண்டு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். டீச்சர்தான் எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

நான்காம் நாள் காலை. மற்ற பன்னிரண்டு பேரும் விடிந்ததும் ஜீப்பில் மிருகம் பார்க்கப் போய்விட்டார்கள். டீச்சர் முட்டி வலி என்று போகவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காபிக்காகச் சமையலறைக்கு வந்தார். கலியமூர்த்தி அப்போதுதான் காலண்டர் தாளைக் கிழித்தான். டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கலியமூர்த்தி, இன்னிக்குச் சஷ்டியா?"

"ஆமா டீச்சர். தேய்பிறை சஷ்டி. ஏன்?"

காபி டம்ளரை மேடையில் வைத்துவிட்டார். நான் அடித்த டிக் எனக்கு ஞாபகம் வந்தது.

அவர் அழவில்லை. சத்தம் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் எப்படி இருந்திருப்பாரோ அப்படி ஆனார். குளித்துவிட்டு வருவதாகச் சொன்னார். சோறு, சாம்பார், வாழைக்காய் பொரியல், வடை, பாயசம் செய்ய வேண்டும் என்று சொன்னார். வாழைக்காயும் வாழை இலையும் அந்த ஊரிலேயே கிடைத்தன. "படைச்சி, காக்காவுக்கு வச்சி, அது எடுத்த பிறகுதான் என் வாயில தண்ணி படும்" என்றார்.

"டீச்சர், மாத்திரை போட்டுட்டீங்களே?"

"போட்டாச்சு. இன்னா பண்றது?"

அந்த மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் அண்ணனே ஒருமுறை வயல் வரப்பில் விழுந்து கிடந்தார். அங்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரம் போக வேண்டும். ரெண்டு ஸ்பூன் சர்க்கரையாவது வாயில் போடுங்கள் என்று கெஞ்சினேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

விடுதி போனில் முதலாளியைப் பிடித்தேன். ஆபரேஷன் முடிந்து வீட்டில்தான் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். தாளில் டிக் அடித்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"மொதல்ல அவுங்கள சாப்பிட வைங்க" என்றார். "ஆனா பொய் கிய் சொல்லிடாதீங்க. அப்பறம் ஊருக்கு வாங்க, டீ சாப்பிடலாம்."

அவர் சொன்னதில் இரண்டாவதைத்தான் நான் முதலில் மீறினேன். ஒன்பதரை மணிக்கு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கின. நெற்றியில் வியர்வை. காட்டில் காலைக் குளிர், நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். கலியமூர்த்தியிடம் சோறு வைத்த இலையை வாங்கினேன். சமையலறைக்குப் பின்னால் போனேன். கிரேஸ் சொன்னதை நினைத்து இலையைக் கீழே வைக்காமல் ஐந்து நிமிஷம் நின்றேன். சோற்றை மூடி போட்ட குப்பைத் தொட்டியில் கொட்டினேன். திரும்பி வந்து முகத்தைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டு, "சாப்டுச்சு டீச்சர்" என்றேன்.

"எத்தினி வந்துச்சு?"

"ரெண்டு."

"மொதல்ல எதைக் கொத்துச்சு?"

"வடைய."

டீச்சர் சமையலறைப் பக்கம் திரும்பி, "கலியமூர்த்தி, வடை ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"மொத ஈடு இப்பதான் போட்டிருக்கேன் டீச்சர், ரெண்டு நிமிசம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எண்ணெயில் வடை சொய்யென்று சத்தம் போட்டது.

நான் திருதிருவென்று முழித்தேன். எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் பொய்யைப் பார்த்த கண் அது! ஐம்பத்தைந்து வயதில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பஞ்சாங்கம் பார்க்காததையும் சொன்னேன். "தப்பு என்னுதுதான் டீச்சர். நீங்க எதுக்குப் பட்டினி கெடக்கணும்? என்னை நாலு அடி அடிச்சிட்டுச் சாப்பிடுங்க."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அவரு போன அன்னிக்கி ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன்" என்றார். "நான் சாப்பிட வர லேட்டாகும், நீங்க சாப்டுடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். நான் அங்க லெமன் சாதம் சாப்டுகிட்டு இருந்தப்ப பியூன் ஓடி வந்தான். வீட்டுக்கு வந்து பாத்தா டேபிள்ல தட்டு போட்டபடி இருக்குது. தொடவே இல்ல. எனக்காக உக்காந்துகிட்டு இருந்திருக்காரு. அவரு பசியோட போனாரு தணிகாசலம், நான் வாயில சோத்தோட இருந்தேன். வருசத்துல இந்த ஒரு நாளு அவரு மொதல்ல சாப்பிடணும். அவ்ளோதான்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன், அதைச் சொல்ல வெட்கம் இல்லை. கலியமூர்த்தி ஜல்லிக்கரண்டியோடு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான்.

அப்போதுதான் கிரேஸ் வந்தாள். மூன்று பேரும் நிற்கிற நிலையைப் பார்த்து யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று ஓடி வந்தாள். டீச்சர் நடுங்கும் கையோடு ஆங்கிலத்தில் நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினார். கடைசியில், "இங்கே வைக்க மாட்டேன், ஒரு குரங்கு சாக நான் காரணமாக மாட்டேன்" என்றும் சொன்னார். கிரேஸ் யோசித்தாள். தன் தாத்தா எதைக் குடித்தாலும் முதலில் தரையில் கொஞ்சம் ஊற்றி, போனவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் குடிப்பார் என்றாள். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு அவர்கள் மொழியில் படபடவென்று ஏதோ சொன்னாள். காட்டு வேலிக்கு வெளியே, மூன்று கிலோமீட்டரில் ஒரு கிராமப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே நாய்கள் இருப்பதால் குரங்கு வராது. பிள்ளைகள் சாப்பிட்டுச் சிந்துவதால் காக்கை நிறைய உண்டு.

எனக்கும் கலியமூர்த்திக்கும் உயிர் வந்தது. அஞ்சே நிமிஷத்தில் படையலை முடித்து இலையைக் கட்டினோம். ஜீப்பில் டீச்சர் இலையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். குழியில் வண்டி குதிக்கும்போதெல்லாம் நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். சாம்பார் தூக்கை அணைத்துக்கொண்டு வந்த கலியமூர்த்தி தனக்குத் தெரிந்த எல்லாச் சாமி பேரையும் சொல்லிக்கொண்டு வந்தான்.

தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடம். கூரையின் மேல் ஏழெட்டுக் காக்கைகள். அதைப் பார்த்ததும் கலியமூர்த்தி முகம் தொங்கிவிட்டது. காக்கைதான். உருவமும் அலகும் கத்தலும் காக்கைதான். ஆனால் நெஞ்சும் கழுத்தும் பளிச்சென்று வெள்ளை.

"மச்சான், இது இன்னா காக்கா? பனியன் போட்டுகினு கீது! இது எடுத்தா செல்லுமா?" என்று என் காதில் கிசுகிசுத்தான்.

நான் அவன் காலை மிதித்தேன். டீச்சர் இறங்கி, மதில் மேல் இலையை விரித்து, இரண்டு அடி பின்னால் வந்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். காக்கைகள் தலையைச் சாய்த்துப் பார்த்தன. ஒன்றும் அசையவில்லை. தமிழ் தெரியாத காக்கைகள். மறுபடி கூப்பிட்டார். வகுப்பிலிருந்து பிள்ளைகள் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தார்கள். ஒரு வாண்டு "கா... கா..." என்று அதே மாதிரி கத்தியது. அவ்வளவுதான், நூறு பிள்ளைகளும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். அவர்களுடைய வாத்தியார் அதட்ட வெளியே வந்து, எங்களைப் பார்த்து, அவரும் சிரித்துவிட்டார். நானும் கத்தினேன். என் விசில் குரலில் கத்தினால் திருவந்திபுரத்துக்கே கேட்டிருக்கும்.

ஒரு காக்கை இறங்கியது. மதிலில் இரண்டு தத்துத் தத்தி வந்து, சோற்றை விட்டுவிட்டு வடையைக் கவ்வியது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

நாங்கள் டீச்சரைப் பார்த்தோம். வெள்ளை நெஞ்சுக் காக்கை செல்லுமா செல்லாதா, தீர்ப்பு அவர் கையில். அவர் அந்தக் காக்கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது.

"அவரேதான் தணிகாசலம். ரிட்டயர் ஆன நாள்லேந்து சட்டையே போட மாட்டாரு. எங்க கூப்ட்டாலும் வெள்ள பனியனோடதான் வருவாரு. கடைசி வரைக்கும் நான் சண்ட போட்டேன். ஆப்பிரிக்காவுக்கும் அப்டியே வந்திருக்காரு பாருங்க!"

கலியமூர்த்தி ஜீப்பின் பின்பலகையிலேயே இலை போட்டான். டீச்சர் முதல் கவளத்தைப் போட்டதும்தான் நான் மூச்சு விட்டேன். பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார். கை நடுக்கம் நின்றது. கிரேஸ் அனுப்பிய டிரைவரும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஆளுக்கு மூன்று வடை சாப்பிட்டார்கள். டீச்சர் கை கழுவிவிட்டு, அந்தக் கூரையையும் அதற்குப் பின்னால் தெரிந்த மலையையும் பார்த்தார்.

"நீங்க ஒழுங்கா பஞ்சாங்கம் பாத்திருந்தா, நான் இன்னிக்கு வீட்ல கதவச் சாத்திகிட்டு தனியா படைச்சிருப்பேன். இத்தினி வருசமும் அப்டித்தான். அழுதுகிட்டே சாப்பிடுவேன். இன்னிக்கு நூறு புள்ளைங்க சேந்து அவர சாப்பிடக் கூப்புட்டாங்க" என்றார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினார். "அடுத்த வருசமும் தேதியப் பாக்காமலே போடுங்க தணிகாசலம்."

அடுத்த வருஷம் நான் பஞ்சாங்கத்தை மூன்று முறை பார்த்தேன். முதலாளியிடமும் காட்டினேன். அவர் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, இலங்கைப் பயணத்தின் சரியாக நடு நாளில் ஆவணி தேய்பிறை சஷ்டி விழுகிறது என்று எச்சரித்தார். "தெரியும் சார்" என்று சொல்லி, பயணிகள் பட்டியலில் முதல் பெயராகச் சகுந்தலா டீச்சரை எழுதினேன்.